மூச்சு நிறுத்தம்

அத்தியாயம் 4

காசியம்மாள் பாடி முடித்ததும் நிஷாத் கைதட்டப் போனான். அம்சவள்ளி அவனைப் பார்த்தாள். கைகள் நடுவழியில் நின்றன.

“கேஸ் சொல்ல வந்தவங்களுக்குக் கைதட்டக் கூடாது. மறந்துட்டேங்க்கா,” என்றான்.

துருகம் சாலையில் ஷேக் மைதீன் துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் ‘அம்சவள்ளி துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை. வரும் வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பது. மீதி, குடிப்பார் என்று சொன்னதால் வரும் சண்டை. நிஷாத் துணிக்கடைக்காரரின் மகன். கீழே சேலை மடிக்கச் சொன்னால் மேலே வந்து துப்பறிவான்.

காசியம்மாள் வெள்ளிமலைக்காரி. புளியும் கடுக்காயும் மூட்டை கட்டி, ஜீப்பில் கீழே கொண்டுவந்து விற்பவள். நாற்பது வயதிருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“இது எம்பாட்டுங்க. ஜீப்புல வரும்போது பாடுவேன். போன மாசம் எங்கூரு கல்யாணத்துல பாடுனத எவனோ செல்லுல புடிச்சிப் போட்டுட்டான். ஒடனே அந்தாளு, அவரு பாட்ட நான் திருடிட்டேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு.”

அந்தாளு என்றால் தமிழழகன். அவருடைய ‘புளிமூட்டை’ பாட்டு கேட்காத காது கள்ளக்குறிச்சியில் இல்லை. டவுன் பஸ்ஸிலும் காதுகுத்திலும் அதுதான்.

காசியம்மாள் மேசையில் வைத்திருந்த அழைப்பிதழை நிஷாத் எடுத்துப் படித்தான். “நாட்டார் இசை நாயகன் தமிழழகன் கலைப்பயண வெள்ளி விழா. பாராட்டப்படுபவர், தமிழழகன். விழா ஏற்பாடு, தமிழழகன் இசையகம். நன்றியுரை, தமிழழகன். ஏன்க்கா, கைதட்டுறது மட்டும் வெளியாளுங்களா?”

“இன்னிக்கி சாயங்காலம் அந்த மேடையில நான் ஏறணுமாம்,” என்றாள் காசியம்மாள். “இது ஐயா பாட்டு, அவரு போட்டதக் கேட்டுதான் கத்துக்கினேன்னு மைக்குல சொல்லணுமாம். சொன்னா கேச வாபஸ் வாங்குவாராம்.”

“சொல்லலன்னா?” என்றாள் அம்சவள்ளி.

“டேசனுக்குப் போவணும். அதுக்குக் கூட நான் பயப்படலங்க. மைக்குல ஒருக்கா சொல்லிட்டா, அப்புறம் எந்த வாய வெச்சிக்கினு ஜீப்புல பாடுவேன்? கூட வர்றவளுங்களே, அவரு பாட்ட எதுக்குடி பாடுறன்னு கேப்பாளுங்க.”

“முதல் வரியை இன்னொரு தடவை பாடு.”

காசியம்மாள் பாடினாள்.

*புளிமூட்ட மேல குந்தி… பூமியப் பாக்கப் போறேன்…*

‘குந்தி’யில் இழுத்தாள். ‘போறேன்’னில் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அம்சவள்ளி அவள் வாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். இழுக்கிற இடம் வரும்போதெல்லாம் காசியம்மாளின் வலது கை தானாக மேலே போய், இல்லாத எதையோ இறுக்கிப் பிடித்தது. இழுப்பு முடிந்ததும் இறங்கி மடியில் உட்கார்ந்தது.

“நிஷாத், வண்டிய எடு.”

“யாரப் பாக்கப் போறோம்?”

“நாயகன.”

*

தமிழழகனின் கலைப்பயணம் அவருடைய ஒலிக்கூடத்துச் சுவரிலேயே வரிசையாக மாட்டியிருந்தது. முதலில் மைக் செட் வாடகை. அப்புறம் கேசட். அப்புறம் சிடி. அப்புறம் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற பழைய கடைப் பலகை, சட்டம் போட்டு. இப்போது லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் சொந்த சேனல். எந்த அட்டையை எடுத்தாலும் கீழே ஒரே வரிதான்: இசை, தொகுப்பு, தயாரிப்பு, வெளியீடு – தமிழழகன். ஒப்பாரித் தொகுப்பின் அட்டையிலும் அவர் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நிஷாத் தாலாட்டுத் தொகுப்பு அருகில் நின்றான். “சார், இந்தத் தாலாட்டெல்லாம் உங்களதா?”

“என் தொகுப்பு. உரிமை என்னுடையது.”

“அதுக்கு முன்ன கொழந்தைங்க எப்டி சார் தூங்குச்சிங்க?”

தமிழழகன் அவனை விட்டுவிட்டு அம்சவள்ளியிடம் திரும்பினார். பட்டு ஜிப்பா, கழுத்தில் ருத்ராட்சம், கையில் புதிய போன்.

“புளிமூட்டை என்பது வாழ்க்கையின் சுமைம்மா. பூமி என்பது மரணம். இதை ஒரு மூட்டை தூக்குற பொம்பளை எழுத முடியுமா? இந்த அறையில, இந்த நாற்காலியில உட்கார்ந்து நான் இசையமைச்சேன்.”

“மலையில கேட்டிருப்பீங்களோன்னு ஒரு சந்தேகம் சார்.”

“மலையா? நான் ஒரு நாளும் கல்வராயன் மலைக்குப் போனதில்ல. கோமுகி அணையத் தாண்டுனதில்ல. புகார்லயே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் எதுக்கும்மா மலைக்குப் போகணும்? மலை என்கிட்ட வரும்.”

“வந்திருக்கு போல,” என்றான் நிஷாத் மெதுவாக.

“பாட்டுல அங்கங்க இழுக்குறீங்களே, அது ஏன்?”

தமிழழகனின் முகம் மலர்ந்தது. இதைக் கேட்பவர்களுக்காகவே அவர் நெடுநாள் காத்திருந்தவர் போல் இருந்தது. “அதுதான் ‘மூச்சு நிறுத்தம்’. நான் கண்டுபிடிச்ச முறை. ரெண்டு கல்லூரியில இதைப் பத்திப் பேசியிருக்கேன். மலைவாழ் மனிதன் மூச்சு வாங்கும் இடங்கள்.”

“ஒரு இடத்துல நீளமா, ஒரு இடத்துல குட்டையா?”

“உணர்ச்சி.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பிரவீன்குமார் தலையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். அவன் மைக் பொத்தானை அழுத்தினான். “உணர்ச்சிக்குத் தாளம் கட்டுறதுக்குள்ள எங்க உயிரு போச்சுக்கா. எந்தக் கணக்குலயும் அடங்கல. ஒவ்வொரு இழுப்புலயும் மேளத்த வெட்டி வெட்டி ஒட்டுனேன்.”

“பிரவீன்!” என்றார் தமிழழகன். மைக் அணைந்தது.

“இன்னொரு விஷயம் சொல்றேன் கேளுங்க,” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “திருடுனவன் எங்கயாவது தடுக்கி விழுவான். என் பாட்டுல ரெண்டாம் சரணத்துல ஒரு பெரிய நிறுத்தம் வரும். மத்த எல்லாத்தையும் விடப் பெரிசு. என் ரசிகருங்க அந்த இடத்துல கண்ண மூடிக்குவாங்க. அந்தம்மா கல்யாணத்துல பாடும்போது அந்த இடத்துல நிறுத்தவே இல்ல. தெரியல. சும்மா ஓடிப்போயிட்டா. காப்பியடிக்கத் தெரியாதவ சொந்தமா எழுதினாளாம்! இதையும் புகார்ல சேர்த்திருக்கேன்.”

“நல்ல காரியம் பண்ணீங்க சார்,” என்றாள் அம்சவள்ளி.

*

கோமுகி அணைக்கு அப்பால் சாலை ஏறத் தொடங்கியது. ஜீப்பை ஓட்டியவர் சின்னக்கண்ணு. வெள்ளிமலை மூட்டைகள் கீழே போவதும், காலிச் சாக்குகள் மேலே வருவதும் அவர் வண்டியில்தான். பின்னால் சாக்குகளின் மேல் காசியம்மாளும் அம்சவள்ளியும். முன்னால் நிஷாத், காதில் தமிழழகனின் பாட்டு.

“அவ கை புடிச்சது ஜீப்போட மேல் கம்பிய,” என்று அம்சவள்ளி விளக்கியிருந்தாள். “வளைவுல கம்பியப் பிடிக்கணும். அப்ப வாய் இழுத்துக்கிட்டே நிக்கும். பாட்டு இந்த ரோட்டுல பொறந்தது. இழுப்பு வர்ற இடமெல்லாம் வளைவா இருந்தா, மலைக்கே போகாத மனுசனுக்கு அது எப்டித் தெரியும்?”

நிஷாத்தின் வேலை, காதில் இழுப்பு வரும்போதெல்லாம் கையைத் தூக்குவது.

தூக்கினான். சாலை நேராக இருந்தது.

ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. ஜீப் முனகிக்கொண்டு திரும்பியது. நிஷாத்தின் கை மடியில் கிடந்தது.

மறுபடி தூக்கினான். அங்கே ஒரு பலாமரமும் தூங்கும் நாயும்தான் இருந்தன.

மேலே போய்ச் சேர்வதற்குள் பாட்டை இரண்டு முறை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. வெள்ளிமலைக் கடைத்தெருவில் இறங்கியதும் நிஷாத் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, ஒரு நாய் வரைக்கும் கரெக்டா இருக்கு. அந்த நாய சாட்சியா கூப்புடலாமா?”

அம்சவள்ளி டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை குடிக்காமல் நின்றாள். விழாவுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. காசியம்மாள் கொஞ்சம் தள்ளி நின்று, மேடையில் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்தாள். இது ஐயா பாட்டு. இது ஐயாவோட பாட்டு. வாய் கோணியது.

“காசியம்மா,” என்றாள் அம்சவள்ளி திடீரென்று. “வரும்போது நீ ஏன் ஒரு வரி கூட பாடல?”

காசியம்மாள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “ஏறும்போது எவளாவது பாடுவாளா? இஞ்சின் போடுற சத்தத்துல எங்காதுக்கே கேக்காது.”

“பின்ன எப்பப் பாடுவ?”

“எறங்கும்போதுதான். அப்பதான் சின்னக்கண்ணு அண்ணன் இஞ்சின நிறுத்திடுவாரே.”

நிஷாத் டீயைத் துப்பினான். “இன்னாத்த நிறுத்திடுவாரு?”

சின்னக்கண்ணு அவனை இரக்கத்தோடு பார்த்தார். “டீசல் விக்கிற வெலைக்கு எறக்கத்துல எவன் தம்பி இஞ்சின் ஓட்டுவான்? வண்டி தானா போவுது. நானு பிரேக்க மட்டும் பாத்துக்குவேன்.”

“இத ஏன் மொதல்லயே சொல்லல?” என்றாள் அம்சவள்ளி.

“நீங்க கேக்கலியே,” என்றாள் காசியம்மாள். “எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு இருந்துட்டேன்.”

முதல் சரிவில் சின்னக்கண்ணு சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, அத ஏன் பையில போடுறீங்க? அதுலயே இருக்கட்டுமே! எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல!”

ஜீப் சறுக்கத் தொடங்கியது. சக்கரத்தின் அடியில் சரளைக்கல் நெரியும் ஓசை, காற்று, எங்கோ ஒரு பறவை. அதற்குள் காசியம்மாள் பாடினாள். யாரும் பாடச் சொல்லவில்லை, தான் பாடுவது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. இறக்கம் வந்தது, பாட்டு வந்தது.

*புளிமூட்ட மேல குந்தி…*

வளைவு. கை கம்பிக்குப் போனது. ஜீப் திரும்பி முடியும் வரை ‘குந்தி’ நீண்டது.

*பூமியப் பாக்கப் போறேன்…*

அடுத்த வளைவு இன்னும் பெரியது. ‘போறேன்’ இன்னும் நீண்டது.

நிஷாத் காதில் பாட்டை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். காசியம்மாளும் தமிழழகனும் ஒன்றாக இழுத்தார்கள், ஒன்றாக விட்டார்கள். அவன் கையைத் தூக்கும் இடமெல்லாம் வளைவு. கேலி செய்ய அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டான்.

இரண்டாம் சரணம் வந்தது. நேர்ச்சாலை. காசியம்மாள் நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனாள். நிஷாத் மட்டும் கையைத் தூக்கினான். தூக்கிய கை இறங்கவில்லை.

“இங்கதான் அந்தப் பெரிய நிறுத்தம்! இன்னும் இழுக்குறாரு. இன்னும். அக்கா, வளைவே இல்ல. போச்சு!”

“வண்டிய நிறுத்துங்க,” என்றாள் அம்சவள்ளி.

சின்னக்கண்ணு பிரேக்கில் ஏறி நின்றார். பாறைச் சுவரை ஒட்டிச் சாலை அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அகலமாக இருந்தது.

“இங்க எதுக்கும்மா நிறுத்தச் சொல்ற?” என்று அவர் சலித்துக்கொண்டார். “எதிர்ல பஸ்ஸு வந்தாத்தான் இங்க ஒதுங்கி நிப்போம். வேற எங்கயும் ரெண்டு வண்டிக்கு எடம் பத்தாது. இன்னிக்குதான் பஸ்ஸு வரலியே!”

நிஷாத்தின் கை இறங்கியது. பிறகு காசியம்மாள்தான் முதலில் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க.

“பஸ்ஸு வந்தா நான் என்னா பண்ணுவேன்? அது தாண்டிப் போற வரைக்கும் விட்ட வார்த்தைய இழுத்துக்கினே இருப்பேன். அடப்பாவி மனுசா!”

“சின்னக்கண்ணு அண்ணே,” என்றாள் அம்சவள்ளி. “இவ பாடுறத நீங்க எப்பவாவது போன்ல புடிச்சீங்களா?”

“புடிச்சேனே. ரெண்டு வருசம் இருக்கும். வண்டியில போட்டுக் கேக்கலாமேன்னு. அந்த போனு தண்ணியில வுழுந்து போயிடுச்சி.”

“அதுக்கு முன்ன அத எங்கயாவது குடுத்தீங்களா?”

“பாட்டு ஏத்தித் தர்றேன்னு பலகை போட்டிருந்தாரே, அவரு கடையிலதான் மெமரி கார்டக் குடுத்தேன். நூறு பாட்டு ஏத்திக் குடுத்தாரு. நல்ல மனுசன்.”

“நூறு ஏத்திட்டு ஒண்ண எறக்கிக்கினாரு,” என்றான் நிஷாத். அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. “மலை அவருகிட்ட வரும்னு சொன்னாரே. மெமரி கார்டுல வந்திருக்கு.”

*

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகள் ஆறிலும் மலைப் பெண்கள். ‘மண்ணின் மக்கள் வாழ்த்து’ என்ற நிகழ்ச்சிக்காகத் தமிழழகனே ஜீப் வைத்து வரவழைத்து, ஒரே நிறத்தில் மஞ்சள் சேலை கொடுத்து, பிரியாணி உண்டு என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்.

காசியம்மாள் மேடை ஏறினாள். தமிழழகன் அவள் தோளில் சால்வை போர்த்தி, கேமரா பக்கம் திருப்பி, மைக்கைக் கையில் கொடுத்தார்.

“சொல்லுங்கம்மா. இது யாரு பாட்டு?”

காசியம்மாள் கீழே அம்சவள்ளியைத் தேடினாள். அம்சவள்ளி தலையசைத்தாள்.

“அதச் சொல்றதுக்கு முன்ன ஐயாகிட்ட ஒரு சந்தேகம். ரெண்டாவது அடியில ரொம்ப நேரம் நிறுத்துறீங்களே, அது எதுக்குங்க?”

தமிழழகன் புன்னகையோடு சபையைப் பார்த்தார். “பாருங்க, பாடுன அம்மாவுக்கே தெரியல. அது மலையின் பெருமூச்சு. அந்த நிறுத்தத்தை நான் பல நாள் தவமிருந்து எழுதினேன்.”

கைதட்டல். கண்களை மூடிக்கொள்பவர்கள் இப்போதே மூடிக்கொண்டார்கள்.

“ஒருக்கா போடச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

பிரவீன்குமார் பாட்டைப் போட்டான். மேளம் அதிர்ந்தது. தமிழழகனின் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது. *புளிமூட்ட மேல குந்தி…*

முன்வரிசை ஆறிலும் கைகள் மேலே போயின. இல்லாத கம்பியைப் பிடித்தன. மஞ்சள் சேலைகள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்தன.

*பூமியப் பாக்கப் போறேன்…*

எல்லாம் வலது பக்கம் சாய்ந்தன. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி பக்கத்து நாற்காலிக்காரர் மேல் விழுந்து எழுந்தாள். பின்வரிசைகளில் சிரிப்பு கிளம்பியது. ஆடுகிறார்கள் என்று நினைத்தார்கள்.

இரண்டாம் சரணம். பெருமூச்சு வந்தது. மஞ்சள் சேலைகள் நேராக நிமிர்ந்தன. கைகள் கம்பியை விட்டன. ஒருத்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டி, உரக்கச் சொன்னாள்:

“பஸ்ஸுடி! ஒதுங்கி நில்லுங்க, போவட்டும்!”

ஆறு வரிசையும் சிரித்தது. மண்டபம் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தது.

“ஆமாங்க,” என்றாள் காசியம்மாள் மைக்கில். “அது பெருமூச்சு இல்ல. எங்க வெள்ளிமலை பஸ்ஸு. எறங்கும்போது எதிர்ல வந்திச்சி. ஒதுங்கி நின்னோம். அன்னிக்கி நான் இழுத்தத சின்னக்கண்ணு அண்ணன் போனுல புடிச்சாரு. பஸ்ஸு வராத நாள்ல நான் ஏன் நிறுத்தணும்?”

இப்போது எல்லாருக்கும் புரிந்தது. கண்ணை மூடியிருந்தவர்கள் திறந்தார்கள்.

தமிழழகன் மைக்கை எட்டிப் பிடித்தார். “இது இயற்கையும் கலையும் எதேச்சையாகச் சந்திக்கிற…”

“சார்,” என்று கீழிருந்து அம்சவள்ளி எழுந்தாள். அவள் குரல் பெரிதில்லை. ஆனால் மண்டபம் அமைதியாக இருந்தது. “மலைக்கே போனதில்லன்னு புகார்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. போகாத ரோட்டுல உங்க பாட்டு வளைவு தப்பாம எப்டித் திரும்புது?”

இருபத்தைந்து வருடக் கலைப்பயணம் சும்மா வருவதில்லை. தமிழழகன் ஒரு நொடிதான் திகைத்தார். அடுத்த நொடி இரண்டு கைகளையும் விரித்தார்.

“கண்டுபிடிச்சுட்டாங்க! நான் மறைச்சு வெச்ச உண்மையை இந்தத் தாய் கண்டுபிடிப்பாரான்னு சோதிச்சேன். வென்றது மண். புகாரை இப்பவே, உங்க எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குறேன்!”

நிஷாத் வாயைப் பிளந்தான். “அக்கா, தோத்ததுக்கும் இவரேதான் ஏற்பாடு பண்ணாருன்றாரு.”

“இனி இந்தத் தாயின் முழுப் பாட்டு,” என்றார் தமிழழகன், “இதே மேடையில, நேரடியா!” சொல்லிக்கொண்டே பிரவீன்குமார் பக்கம் திரும்பி, இடுப்புக்குக் கீழே ஒரு விரலைச் சுழற்றினார். பதிவு செய் என்று அர்த்தம். பிரவீன்குமாரின் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்சவள்ளி அதைப் பார்த்தாள். காசியம்மாளும் பார்த்துவிட்டாள்.

அவள் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“பாட்டு என்னுதுங்க. நடுவுல நின்ன பஸ்ஸு மட்டும் உங்களுது. அத வெச்சிக்குங்க.”

மண்டபம் அதிர்ந்தது. அவள் காத்திருந்து, சத்தம் அடங்கியதும் சொன்னாள்:

“மத்தபடி உக்காந்த எடத்துல எனக்குப் பாட வராது. வேணும்ன்றவங்க காலையில வெள்ளிமலைக்கு வாங்க. வண்டியில எடம் இருக்கு.”

மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள். முன்வரிசை ஆறும் எழுந்து அவள் பின்னால் போனது. வாசலில் பிரியாணிப் பொட்டலங்களை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டது. பின்வரிசைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. தொகுப்பாளர் நன்றியுரை என்று ஏதோ சொன்னார். யாரும் நிற்கவில்லை.

மேடையில் தமிழழகன் மடித்த சால்வையோடு நின்றார். ஒலிபெருக்கி கரகரத்தது. அணைக்க மறந்த மைக்கில் பிரவீன்குமாரின் குரல் காலி நாற்காலிகள் மேல் தெளிவாகக் கேட்டது.

“சார், பதிவு ஓடிக்கினே இருக்கு. பாடுறதுக்கு ஆளக் காணோம். நீங்களே ஏதாவது பாடுறீங்களா?”